சத்யா கொண்டுவந்த பூனை

பூனைகளுக்குப் பால் ஆகாது. வயிறு கெட்டுவிடும். என் பூனைகளுக்கு இப்போது பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள்தான் சோறு வைக்கிறார். நல்ல மனுஷி, ஆனால் பூனை என்றால் பால் என்று நினைக்கிறவர். யாராவது அவரிடம் சொல்லிவிட்டால் நல்லது. மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைத்தால் போதும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், மேடம்.

என் பெயர் பிரகதாம்பாள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் சோகக்கதை ஏதும் இல்லை. அம்மா இறந்தபோது தம்பி ஆத்மநாதன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, பார்த்துக்கொண்டேன். இப்போது அவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். ஆலங்குடியிலிருந்து திருவரங்குளம் போகிற வழியில், ரோட்டை ஒட்டித் தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு கட்டினான். ஓய்வு பெற்றதும் நான் அங்கே வந்து தங்கினேன்.

மூன்று பூனைகள் இருந்தன. பெரியவன், மிளகு, சீனி. மூன்றையும் குட்டியிலிருந்து நான்தான் வளர்த்தேன். வருடம் தவறாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுவேன். ஊரில் சிரிப்பார்கள். பூனைக்கு ஊசி போட பஸ் ஏறிப் போகிறாள் பார் என்பார்கள். பூனை கடித்தாலும் நாய் கடித்த மாதிரிதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தம்பி மனைவி சத்யாவும் மகள் இளமதியும் முதலில் புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். சத்யாவுக்கு ஆலங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் வீடு என்று சொல்கிறேன், வீடு அவர்களுடையதுதான்.

சத்யாவைப் பற்றி என்னிடமிருந்து ஒரு கெட்ட வார்த்தை கூட உங்களுக்குக் கிடைக்காது. குழம்பு வைப்பதற்கு முன்னால் என்ன குழம்பு என்று என்னைக் கேட்பாள். நான் சாப்பிடாமல் அவள் தட்டு எடுத்ததில்லை. சாயங்காலம் தம்பி போன் பண்ணுவான். முன்பெல்லாம் என் போனுக்கு வரும். அவர்கள் வந்த பிறகு அவள் போனுக்கு வந்தது. அது இயல்புதானே. அவள் பேசி முடித்ததும், நான் கொல்லையில் இருந்தாலும் தேடிவந்து, "மதினி, இந்தாங்க, ஒங்க தம்பி" என்று கொடுப்பாள். ஒரு நாளும் மறந்ததில்லை. அதற்குள் அவன் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடம் சொல்லியிருப்பான். என்னிடம், "சாப்பிட்டியாக்கா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வந்தவள் கையில் ஒரு கட்டைப்பை இருந்தது. பை அசைந்தது.

"மதினி, கோவிச்சுக்கிறாதீங்க" என்றாள். "பஸ் ஸ்டாப்புல கெடந்துச்சு. ஒரு நாய் இத வெரட்டிக்கிட்டே வந்துச்சு. நான்தான் கல்லெடுத்து அடிச்சேன். ஒங்களுக்குப் பூனைன்னா உசுருல்ல, அதான் ஒங்களுக்காகக் கொண்டாந்தேன்."

மஞ்சள் நிற ஆண் பூனை. வயது ஒன்றுக்கு மேல் இருக்காது. வால் நுனி சுருண்டிருந்தது. இளமதி அப்போதே 'முறுக்கு' என்று பெயர் வைத்துவிட்டாள். இடது காது கிழிந்து, கழுத்தில் இரண்டு பல் இறங்கிய காயம், மேலே பொருக்குத் தட்டியிருந்தது. சத்யா பார்த்த நாய் கடித்ததல்ல, அதற்கும் முன்னால் பட்ட கடி. காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். ஊசி போட வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் பழகட்டும், பிறகு கூடையில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று விட்டேன். பிறகு கொண்டுபோகவில்லை.

பூனை இருக்கிற வீட்டுக்கு இன்னொரு பூனையை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா, மேடம்? நேராகக் கொண்டுபோய் நடுவீட்டில் விடக் கூடாது. முதலில் தனி அறை. நாங்கள் தேங்காய் போட்டுவைக்கும் அறையில் வைத்தோம். ஒரு பழைய துண்டால் முறுக்கைத் துடைத்து, அந்தத் துண்டை மற்ற மூன்றும் படுக்கிற இடத்தில் போட வேண்டும். அதுகள் படுத்த துணியைக் கொண்டுபோய் இதற்குப் போட வேண்டும். முகம் பார்க்கும் முன்னே வாசனை பழகிவிடும். அப்புறம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் சோறு வைக்க வேண்டும். எதிரி இருக்கிற திசையிலிருந்துதான் மீன் வாசனையும் வருகிறது என்று அதுகளுக்குத் தோன்ற வேண்டும். பிறகு கதவை ஒரு விரல் அளவு திறக்கலாம். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

இதையெல்லாம் நான் சத்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் அப்படியே செய்தாள். பள்ளிக்குப் போகும் முன்னால் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, தேங்காய் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பேப்பர் திருத்துவது கூட அங்கே உட்கார்ந்துதான். முறுக்கு அவள் மடியில் தூங்கும். நான் உள்ளே போனால் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் போய்விடும். காயத்துக்கு மருந்து போட்டவள் நான், எரிந்திருக்கும், அதனால் இருக்கலாம்.

கதவைத் திறந்த அன்று சண்டையே வரவில்லை. மிளகு மட்டும் ஒரு தடவை சீறினாள். என் அனுபவத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு பூனை சேர்ந்து நான் பார்த்ததில்லை. சில நாளில் நான்கும் ஒரே இடத்தில் படுத்தன. அந்த இடம் சத்யாவின் கட்டில். பெரியவன் எட்டு வருடம் என் கால்மாட்டில் படுத்தவன். அவனும் அங்கே போனான். நான் கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். பூனை அப்படித்தான், அதற்கு நன்றி கின்றி எல்லாம் தெரியாது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் தம்பி வீடியோ காலில் வந்தபோது சத்யா கேமராவைத் திருப்பிக் கட்டிலைக் காட்டினாள். "பாத்தீங்களா, இப்ப நாலும் என் பின்னாடிதான் சுத்துது. மதினிக்கு வேல மிச்சம்" என்று சிரித்தாள். தம்பியும் சிரித்தான். இளமதி சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொறாமை என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள் என்று தோன்றுகிறது. சிரித்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பங்குனிக் கடைசியில் முறுக்குக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. வெளிச்சத்துக்கு வர மறுத்து, தேங்காய் அறையில் கிடக்கும் பழைய கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குரல் மாறிவிட்டது, கட்டைக் குரல். சோறு தொடவில்லை. ஆண்டுத் தேர்வு நேரம், சத்யாவுக்குக் காலையில் எக்ஸாம் டியூட்டி. புறப்படும் முன்னால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். கட்டிலுக்கடியில் கையை நீட்டினாள். அது அவள் பெருவிரலுக்குக் கீழே, சதையில், ஆழமாகக் கடித்துவிட்டது. விடவில்லை. இளமதி ஓடிப்போய் அம்மாவை இழுத்ததில் பிள்ளையின் முழங்கையிலும் நகம் பட்டது. நான் பூனையைத் துடைப்பத்தால் தள்ளிக் கதவைச் சாத்தினேன். வாயெல்லாம் நுரை தள்ளியிருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இளமதியைக் கொல்லைக் குழாய்க்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினேன். அவள் அழுதாள், விடவில்லை. வெறிநோய்க்கு முதல் வைத்தியம் அதுதான். சத்யா அதற்குள் தன் கையைத் தானே துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சும்மா பல்லுதான் பட்டுருக்கு மதினி. பாவம், வலியில கடிச்சிருச்சு. அதப் போட்டு அடிக்காதீங்க" என்றாள்.

மறுநாள் முறுக்கு செத்துப்போயிற்று. நான் தென்னைக்குக் கீழே புதைத்தேன். சத்யா வந்து கேட்டபோது, "எலி மருந்து வச்சிருக்காங்க அங்கிட்டுக் கடலைக் கொல்லையில. அதத் தின்னுருக்கும்" என்றேன். அவள் அழுதாள். எனக்காகக் கொண்டுவந்த பூனையை எனக்கு நிலைக்கவிடாமல் செய்துவிட்டார்களே என்று அழுதாள்.

"எதுக்கும் பிள்ளைக்கு ஒரு ஊசி போட்டுருவோம்" என்றேன்.

"அப்ப எனக்கு?"

"ஒனக்கும்தான். ஆனா ஒனக்கு எக்ஸாம் டியூட்டி இருக்கே. அங்க போனா ஓபியில அரை நாள் ஆயிரும். நான் மருந்து வாங்கியாந்து வீட்டுலயே போட்டு விடுறேன்."

"நீங்க போட்டா எனக்கு வலிக்காது மதினி" என்றாள். பயம் தீர்ந்த முகம். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இளமதியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரச் சொன்ன நாளெல்லாம் தவறாமல் போனோம். நானும் போட்டுக்கொண்டேன். அந்தப் பூனையின் எச்சில் என் கையிலும் பட்டிருந்தது. மூன்று பூனைகளையும் கூடையில் வைத்துக் கொண்டுபோய் மறு ஊசி போட்டேன். வீட்டில் யாரையும் விட்டுவிடவில்லை.

சத்யாவுக்குப் போட்டது தண்ணீர். மருந்து கரைக்க வைத்திருப்பார்களே, ஸ்டெரைல் வாட்டர், அது. சுத்தமானது. கையைத் துடைத்து, முறையாகத்தான் போட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். முடிந்ததும், "போட்டுட்டீங்களா? தெரியவே இல்லையே" என்பாள். இளமதிக்கு இன்று ஊசி என்றால் இவளுக்கும் இன்று. நானே ஞாபகம் வைத்து, மறக்காமல் போட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பூனை கடித்தது என்று சொல்ல வேண்டும். எந்தப் பூனை, வீட்டில் எத்தனை பூனை என்று கேட்பார்கள். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து மூன்றையும் பிடித்துப்போய்விடுவார்கள். குழந்தைகள் மாதிரி வளர்த்தவை. அதற்குப் பயந்துதான்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான், மேடம். இளமதிக்குப் போட்டபோதும் கேட்டார்கள். தெருப்பூனை பிராண்டிவிட்டது, எங்கேயோ ஓடிவிட்டது என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள். சத்யாவுக்கும் அப்படியே சொல்லியிருக்கலாம். உண்மைதான். அப்போது யோசிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டு முடித்த பிறகு வீடு நன்றாகத்தான் இருந்தது. கோடை விடுமுறை. இளமதியைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போய் வந்தோம், மூன்று பேரும். சத்யா மலையேறினாள், கீழே வந்து இளநீர் குடித்தாள். நான் அவளைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். கடிபட்ட எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. வராமலும் போகும். வராமல் போனால் சந்தோஷப்பட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பெரியவன் இன்னும் அவள் கட்டிலில்தான் படுத்திருந்தான்.

வைகாசியில் ஒரு நாள் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள், "மதினி, கடிச்ச எடம் என்னமோ மதமதங்குது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள். நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். வடு ஆறித் தோல் மூடியிருந்தது. "நரம்புல பட்டுருக்கும். சரியாயிரும்" என்றேன். தைலம் தேய்த்துவிட்டேன்.

அடுத்து காய்ச்சல். அதற்கடுத்த நாள் மின்விசிறிக் காற்று முகத்தில் படவும் தூக்கிவாரிப் போட்ட மாதிரி திடுக்கிட்டாள். இளமதி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தாகம், வாங்கினாள். வாய்க்கருகே கொண்டுபோனதும் தொண்டை இழுத்துக்கொண்டது, டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டாள். எறிந்துவிட்டு மகளிடம் மன்னிப்புக் கேட்டாள். "அம்மா வேணும்னு செய்யலடா" என்றாள். கடைசிவரை நிதானமாக இருந்தவள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். டாக்டர் பார்த்ததும் புரிந்துகொண்டார். நாய் ஏதும் கடித்ததா என்று கேட்டார். சத்யாவே சொன்னாள்: "பூனை கடிச்சுது சார். ஆனா எல்லா ஊசியும் போட்டாச்சு. எங்க மதினி நர்ஸு, அவங்களே போட்டாங்க. இது வேற ஏதோ." டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். ஊசி போட்டும் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். தனி அறையில் வைத்தார்கள், விளக்கை அணைத்துவிட்டு. நான் கூடவே இருந்தேன். வேறு யாரையும் பக்கத்தில் விடவில்லை. எனக்கு ஊசி போட்டிருக்கிறதே. தெளிவு வந்தபோதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சாப்டீங்களா மதினி?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் தோளில் சாய்ந்து, "நீ கூட இருந்தும் இப்புடி ஆயிருச்சேக்கா" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவன் என்னிடம் நேராக வந்து பேசியது அன்றுதான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படித் தட்டிக்கொடுத்தேனோ அப்படியே தட்டிக்கொடுத்தேன்.

கருமாதி முடிந்து வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த இளமதி அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, எனக்கு ஆஸ்பத்திரில போட்ட மருந்து பவுடரா இருந்துச்சு. நர்சக்கா அதுல தண்ணி ஊத்திக் குலுக்கிட்டுப் போட்டாங்க. அம்மாவுக்கு அத்தை வெறும் தண்ணிய மட்டும்தான எடுத்தாங்க. அம்மாவுக்குப் பவுடர் வேணாமா?"

அவன் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான். "என்னக்கா சொல்றா இவ?" என்றான்.

பிள்ளை ஏதோ உளறுகிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். ஆனால் இளமதி பொய் சொல்கிறவள் அல்ல. அவளை எல்லோர் முன்னாலும் பொய்க்காரி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. "அவ சரியாத்தான் பாத்துருக்கா" என்றேன். அவன் எழுந்து கை கழுவினான். வெகுநேரம் கழுவினான். பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான். என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. நல்லபடியாக வளர்த்திருக்கிறேன் அவனை.

ஆக, சத்யா செத்ததற்கு நான்தான் காரணம். மருந்து என்று சொல்லித் தண்ணீர் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பூனை கடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது என்று முன்னால் சொன்னேன். அது சரியல்ல. முந்தின நாளே எனக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. இளமதி அந்த அறைப் பக்கம் போகக் கூடாது என்று கண்டித்து வைத்திருந்தேன். அவள் அன்று ஓடிவருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வருத்தம் என்றால் அது ஒன்றுதான்.

எல்லோரும் ஊசியைப் பற்றியே கேட்கிறார்கள். சத்யா ஏன் அவசரமாகக் கிளம்புகிற நேரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தோடு அந்த அறைக்குப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "முறுக்கு நேத்துலருந்து தண்ணியே குடிக்கலையே மதினி, என்ன செய்ய?" என்று கேட்டாள். "நான் வச்சா வராது. நீ கைய நீட்டிக் குடுத்தாக் குடிக்கும். ஒங்கிட்டத்தான் அதுக்குப் பிரியம்" என்றேன்.

அதில் நான் பொய் ஏதும் சொல்லவில்லை, மேடம். அவளிடம்தான் எல்லாவற்றுக்கும் பிரியமாக இருந்தது.